காத்துக்கிடப்பது பொறுமை இல்லைங்க

"விவசாயிகளுக்குத்தான் எவ்வளவு பொறுமை!"

மயிலாப்பூர், அடையாறு பக்கம் வீடுகளுக்கு அரிசி மூட்டை இறக்கப் போகும்போது இந்த வார்த்தை காதில் விழாத மாதமே இல்லை. உட்காரச் சொல்லி, காபி கொடுத்து, பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். அதனால் நானும் சிரித்துவிட்டு வந்துவிடுவேன். ஆனால் இந்தப் பாராட்டில் ஏதோ ஒன்று இடிக்கிறது. என்ன இடிக்கிறது என்று யோசித்ததை இங்கே எழுதி வைக்கிறேன். ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று இல்லை. படித்துவிட்டு உங்களுக்குத் தோணுவதைச் சொல்லுங்கள்.

சம்பா விதைத்தால் அறுக்க ஏறக்குறைய ஐந்து மாதம் ஆகும். நான் அமைதியாக இருந்தாலும் ஐந்து மாதம்தான், வரப்பில் நின்று குதித்தாலும் ஐந்து மாதம்தான். நாற்றைப் பிடித்து மேலே இழுத்தால் அது வளராது, கையோடு வந்துவிடும். வேற வழியில்லாமல் காத்திருப்பதற்குப் பொறுமை என்று பேர் வைத்தால், தி.நகர் சிக்னலில் நிற்கிற அத்தனை பேரும் பொறுமைசாலிகள்தான். ஹாரன் சத்தத்தைக் கேட்டால் அப்படித் தெரியவில்லையே!

அப்படியானால் பொறுமை என்பது எது? எனக்குத் தெரிந்த இடம் வயல்தான், அங்கேயிருந்தே சொல்றேன்.

எங்கள் ஊர் மதுராந்தகம் பக்கம். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டமும் ஏரித் தண்ணியை நம்பித்தான். ஏரி நிறைந்து கலங்கலில் வழிகிற நாளில் யாருக்கும் சண்டை கிடையாது. தண்ணி குறைகிற மாசி, பங்குனியில்தான் மனுஷனுடைய குணம் தெரியும். அப்போது முறை வைத்துத் தண்ணி பாய்ச்சுவோம். தலைமடையில் வயல் உள்ளவன் முதலில், கடைமடைக்காரன் கடைசியில். தலைமடைக்காரன் நினைத்தால் ராத்திரி ஒரு மம்பட்டி வெட்டில் தன் வயலை மறுபடியும் நிரப்பிக்கொள்ளலாம். யாரும் பார்க்க மாட்டார்கள். அவன் பயிரும் காய்ந்துதான் கிடக்கும். அப்படியும் தன் முறை முடிந்ததும் மடைவாயில் மண்ணைப் போட்டு அடைத்து, காலால் மிதித்துவிட்டு வீட்டுக்குப் போகிறான் பாருங்கள், அவனிடம் இருப்பதுதான் பொறுமை. கையில் மம்பட்டி இருக்கிறது, தண்ணியும் பக்கத்தில் ஓடுகிறது, அவன் எடுக்கவில்லை.

கடைமடையில் உட்கார்ந்து எப்போது வரும் என்று பார்க்கிறவனும் காத்துக்கொண்டுதான் இருக்கிறான். ஆனால் அவனுக்கு வேற கதி இல்லை. இரண்டு பேரும் ஒரே வாய்க்காலைத்தான் பார்க்கிறார்கள். ஒருவன் செய்வது தர்மம், இன்னொருவன் படுவது கஷ்டம். கஷ்டத்தைப் பார்த்து "ஆஹா, என்ன பொறுமை" என்று சொல்வதுதான் எனக்கு இடித்தது.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பும் இல்லை. திருவள்ளுவர் மயிலாப்பூர்க்காரர் என்று ஒரு மரபு உண்டு. அவருக்கு அங்கே கோயிலே இருக்கிறது. குறளில் 16-ஆவது அதிகாரம் பொறையுடைமை. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்ததோடு விட்டுவிடாமல் ஒருமுறை அந்தப் பத்துக் குறளையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள். அதில் பெரும்பாலும் பேசப்படுகிறவன் திருப்பிச் செய்யக்கூடியவன். தண்டிக்க முடிந்தும் தண்டிக்காதவன். பொறுப்பதை அவர் வலிமையின் கணக்கில்தான் சேர்க்கிறார், இயலாமையின் கணக்கில் சேர்க்கவில்லை.

அந்த அதிகாரத்தின் முதல் குறளில் நிலத்தை உதாரணம் காட்டுகிறார். தன்னைத் தோண்டுகிறவனையும் நிலம் தாங்கிக்கொள்கிறது, அது போல நாமும் இருக்க வேண்டும் என்பது கருத்து. மம்பட்டி பிடித்தவனுக்கு இது உரை இல்லாமலே புரியும். ஆனால் நாம் ஒரு சௌகரியம் பண்ணிக்கொண்டோம். நிலத்தைப் பார்த்து நாம் கற்றுக்கொள்ளச் சொன்னார் அவர். நிலம்தான் பொறுத்துக்கொள்ளுமே என்று எவ்வளவு வேண்டுமானாலும் தோண்டலாம் என நாம் எடுத்துக்கொண்டோம்.

இதற்குச் சாட்சி சென்னையிலேயே கல்லில் நிற்கிறது. நுங்கம்பாக்கத்தில் வள்ளுவர் கோட்டம், 1976-ல் திறந்தது. திருவாரூர்த் தேர் மாதிரியில் கட்டி, 1330 குறளையும் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். நிலத்தின் பொறுமையைச் சொல்கிற அந்தக் குறளும் அங்கே இருக்கிறது. கோட்டம் நிற்கிற இடம் எது தெரியுமா? ஒரு காலத்து நுங்கம்பாக்கம் ஏரி. ஏரியைத் தூர்த்த இடத்தில்தான் நிலத்தின் பொறுமை செதுக்கப்பட்டிருக்கிறது.

நுங்கம்பாக்கம் ஏரியும் மாம்பலம் ஏரியும் சேர்ந்து சைதாப்பேட்டை வரைக்கும் நீண்டு கிடந்தன. வெள்ளைக்காரர்கள் அதை நீண்ட ஏரி என்றே அவர்கள் பாஷையில் கூப்பிட்டார்கள், படகுப் போட்டி கூட நடத்தினார்கள். 1920-ல் சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் வந்தது. நீதிக்கட்சி ஆட்சி. நகரத்துக்கு இடம் வேண்டும் என்று மாம்பலம் ஏரியை வடித்துத் தூர்த்து, 1923-லிருந்து ஒரு புது நகர் உருவானது. கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயர் பேரில் அது தியாகராய நகர். நடுவில் இருக்கிற பூங்கா அப்போதைய முதன்மை அமைச்சர் பனகல் அரசர் பேரில். ஏரி போனாலும் பேர் போகவில்லை. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, அங்கேயிருந்து பார்த்தால் லேக் எதுவும் தெரியாது. நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா, டேங்க் பண்ட் ரோடு எல்லாம் உண்டு. டேங்க் பண்ட் என்றால் ஏரிக்கரைதானே.

நூறு வருஷத்துக்கு முன்னால் செய்தவர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. ஜனங்களுக்கு வீடு வேண்டும், அது நியாயம்தான். தெருவும் பூங்காவும் திட்டம் போட்டு அழகாகத்தான் அமைத்தார்கள். எங்கள் ஊர்ப் பையன்களே எத்தனை பேர் ரங்கநாதன் தெருவில் வேலை பார்த்துக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். நான் சொல்ல வருவது வேற.

ஏரி என்பது என்ன? சென்னைக்கு வருஷத்தில் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் ஐந்தில் மூன்று பங்கு ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடும். மிச்ச மாதங்களுக்கு வானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான். அப்படிக் கொட்டுகிற தண்ணியை "ஓடாதே, இரு" என்று நிறுத்தி வைத்து, ஆனி வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பதற்கு நம் முன்னோர் மண்ணால் ஒரு கரை போட்டார்கள். கிணறுகளுக்கு ஊற்று குறையாமல் இருக்கக் கோயில் முன்னால் குளம் வெட்டினார்கள். கபாலீசுவரர் கோயில் குளத்தங்கரையில் நின்று பாருங்கள், படி இறங்க இறங்க மாதக் கணக்கு தெரியும். அவசரப்படுகிற மழைக்கும் அவசரப்படுகிற மனுஷனுக்கும் நடுவில் நிற்கிற பொறுமைக்குத்தான் ஏரி, குளம் என்று பேர். கரையை எடுத்துவிட்டால் மழை நாளில் தண்ணி வீட்டுக்குள் வரும், வெயில் நாளில் குடம் காலியாக இருக்கும். இரண்டும் ஒரே வியாதிதான்.

இரண்டையும் நீங்கள் பார்த்துவிட்டீர்கள். 2015 டிசம்பர் 1 ராத்திரி செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்த தண்ணீர் நொடிக்கு 29,000 கன அடி. வழியில் பெய்த மழையும் சேர்ந்து, அடையாற்றில் வெள்ளம். சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் எல்லாம் முழுகியது. அதிலிருந்து மூன்றரை வருஷம்தான். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் வறண்டு தரை தெரிந்தது. ஹோட்டல்களில் சாப்பாட்டை நிறுத்தினார்கள், கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்றார்கள். ஜூலையில் 200 கிலோமீட்டருக்கு மேல் தாண்டி ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணி வந்தது. 50 வேகன், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். வில்லிவாக்கத்தில் அந்த ரயிலை வரவேற்க ஆட்கள் நின்றதை டீக்கடை டிவியில் பார்த்தோம். அப்புறம் 2021 நவம்பரில் அதே தி.நகர் தெருக்களில் முழங்கால் தண்ணி.

அந்த 2019 கோடையில் பத்திரிகைகளில் வந்த படங்களை நினைத்துப் பாருங்கள். கலர் கலரான பிளாஸ்டிக் குடங்கள் வரிசை, பக்கத்தில் நைட்டி மேல் துண்டு போட்ட பெண்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு லாரி வரும் என்று உட்கார்ந்திருக்கிறார்கள். "என்ன பொறுமை" என்று அங்கேயும் யாராவது சொல்லியிருப்பார்கள். அவர்கள் நம்ம கடைமடைக்காரன் மாதிரிதான், வேற கதி இல்லை. அதே ராத்திரி நகரத்தில் வேறு எங்கோ 300 அடிக்கு மேல் ஆழ்துளை இறங்கிக்கொண்டிருக்கும், மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். அந்த ஸ்விட்ச் யார் கையில் இருந்ததோ அவரிடம்தான் பொறுமையைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும்.

உள்ளூரில் பொறுக்க முடியாத நகரம், கையை நீட்டிக்கொண்டே போகும். 1983-ல் தெலுங்கு கங்கை ஒப்பந்தம் போட்டு, 1996-ல் கிருஷ்ணா தண்ணீர் பூண்டிக்கு வந்தது. 2000-களின் தொடக்கத்தில் திருவள்ளூர்ப் பக்கம் விவசாயிகளின் பம்ப்செட் தண்ணியை விலைக்கு வாங்கினார்கள். 2004-லிருந்து கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியின் தண்ணி, 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் வருகிறது. வீராணம் யார் வெட்டியது? சோழர்கள், 10-ஆம் நூற்றாண்டில். ஆயிரம் வருஷம் காப்பாற்றி வைத்த ஏரியிலிருந்து, தன் ஏரியை நூறு வருஷத்துக்கு முன்னால் தூர்த்த ஊருக்குத் தண்ணி போகிறது. போகட்டும், தாகத்துக்குத் தண்ணி இல்லை என்று சொல்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. ஆனால் அந்தக் குழாயின் இந்த முனையிலும் வயல் இருக்கிறது என்பதை நினைவில் வைத்திருங்கள்.

தண்ணி விற்ற விவசாயியையும் நான் குறை சொல்ல மாட்டேன். நெல் கொடுக்காத காசைக் கிணறு கொடுத்தது, கடன் அடைந்தது. ஆனால் பூமிக்கு அடியில் வரப்பு கிடையாது. ஒருத்தர் ராத்திரி பகலாக மோட்டார் ஓட்டினால் பக்கத்து நாலு கிணற்றில் தண்ணி இறங்கும். மோட்டாரை நிறுத்துவதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்காமல் தானே நிறுத்துகிற ஆள் ஊருக்கு ஒருத்தர் இருப்பார். அவரை ஊரில் பிழைக்கத் தெரியாதவர் என்பார்கள். என் கணக்கில் அவர்தான் தலைமடையை அடைத்துவிட்டுப் போனவர்.

நகரத்தில் அப்படி ஆள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். பெசன்ட் நகரில் ஒருவர் இருந்துகொண்டு என்ன செய்தார் என்று சொல்கிறேன்.

அதற்கு முன்னால் அந்த மண்ணைப் பற்றி. பெசன்ட் நகர், திருவான்மியூர் எல்லாம் கடலோர மணல் பூமி. மழைத் தண்ணி மணலில் இறங்கி, அடியில் இருக்கிற உப்புத் தண்ணியின் மேல் மிதந்துகொண்டு நிற்கும். நல்ல தண்ணி எடை குறைவு, உப்புத் தண்ணி எடை அதிகம் என்பதால் இப்படி. இதற்கு ஒரு கணக்கு உண்டு. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நல்ல தண்ணி இருக்கும். இதையே திருப்பிப் போடுங்கள். மேலே ஒரு அடி அவசரப்பட்டு உறிஞ்சினால், கீழேயிருந்து உப்பு 40 அடி மேலே வரப் பார்க்கும். மீஞ்சூர்ப் பக்கம் அப்படி உறிஞ்சி உறிஞ்சித்தான் கடல் பல கிலோமீட்டர் உள்ளே வந்தது. உப்பு ஏறிய கிணற்றை இனிப்பாக்குவது ஒரு தலைமுறை வேலை.

சேகர் ராகவன் என்று ஒருவர். இயற்பியல் படித்தவர். தன் பகுதி நிலத்தடி நீருக்கு இந்தக் கதி வந்துவிடக் கூடாது என்று 1990-களின் நடுவில் பெசன்ட் நகரில் வீடு வீடாகப் போக ஆரம்பித்தார். மொட்டை மாடித் தண்ணியைத் தெருவில் விடாதீர்கள், கிணற்றில் விடுங்கள், இல்லாவிட்டால் ஒரு குழி எடுத்து மண்ணுக்குள் விடுங்கள் என்பதுதான் அவர் சொன்னது. சொன்ன உடனே யாரும் செய்துவிடவில்லை. குழாயில் தண்ணி வருகிற நாளில் மழைநீரைப் பற்றிப் பேசினால் யார் காது கொடுப்பார்கள்? அவர் திரும்பத் திரும்பப் போனார். 2001-ல் ஆகாஷ் கங்கா அறக்கட்டளை. 2002-ல் மந்தைவெளிப் பக்கம் ஒரு சின்ன மழை இல்லம். மழைநீரை எப்படிச் சேமிப்பது என்று மாதிரி வைத்துக் காட்டுகிற இடம். அதை அன்றைய முதல்வர் ஜெயலலிதா திறந்து வைத்தார். 2003-ல் தமிழ்நாடு முழுக்க எல்லாக் கட்டடத்துக்கும், பழசு புதுசு பார்க்காமல், மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று அவசரச் சட்டம் வந்தது.

சட்டம் வந்ததோடு அவர் வேலை முடிந்தது என்று உட்காரவில்லை. ஏனென்றால் சட்டத்துக்கு ஒரு குழாய் போதும், மண்ணுக்கு அது போதாது. கீழே குழியே இல்லாமல் சுவரோரம் குழாயை மட்டும் மாட்டிவிட்டு முடித்துக்கொண்ட வீடுகள் எவ்வளவு! குழி எடுத்த வீடுகளிலும் அதற்கப்புறம் தூர் வாரினார்களா? மந்தைவெளிப் பக்கம் ஒரு அடுக்குமாடியில் மூட்டை இறக்கும்போது பார்த்தேன், கார் நிறுத்துகிற இடத்தில் ஒரு மூலை மட்டும் புது டைல்ஸ். வாட்ச்மேன் அண்ணனிடம் கேட்டேன்.

"இங்க மட்டும் என்னண்ணே புதுசா இருக்கு?"

"அது மழைத்தண்ணி குழி தம்பி. மூடி தடுக்குது, வண்டி திருப்ப முடியலன்னு மேல டைல்ஸ் ஒட்டிட்டாங்க."

"அப்ப மாடித் தண்ணி எங்க போவுது?"

"ரோட்டுக்குத்தான். நேரா ரோட்டுக்கு."

ஒரு வண்டி திருப்புகிற அரை நிமிஷத்துக்கும் ஒரு வருஷத்துத் தண்ணிக்கும் நடுவில் அங்கே அரை நிமிஷம் ஜெயித்துவிட்டது. அந்த வீட்டில் இருப்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. எனக்குக் காபி கொடுக்கிறவர்கள்தான். விவசாயியின் பொறுமையைப் புகழ்கிறவர்களும்தான்.

இங்கே ஒரு கேள்வி வரும். "எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டே இருக்கணும்னு சொல்றீங்களா?" இல்லைங்க. ஒரு வருஷம் நவரை அறுத்து, நெல்லை விற்க ஒரு இடத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டினேன். சாக்கு இல்லை, நாளைக்கு வாங்க, கொஞ்சம் பொறுங்க என்றே ஒன்பது நாள் போனது. பத்தாம் நாள் மழை. மேலாக இருந்த நெல் முளைவிட்டது. "பொறுங்க" என்று சொன்னவருக்கு அந்த ஒன்பது நாளில் ஒரு பைசா நஷ்டம் இல்லை. தன்னிடம் இருக்க வேண்டிய பொறுமையை அடுத்தவரிடம் கேட்பது ரொம்ப சுலபம். அந்த மாதிரி இடத்தில் பொறுத்துப்போவது குணம் ஆகாது, சத்தம் போடுவதுதான் சரி. குடத்தோடு நிற்கிற பெண்கள் ரோட்டில் உட்கார்ந்து மறியல் செய்தால், அவர்களுக்குப் பொறுமை இல்லை என்று பஸ்ஸுக்குள் இருந்து முணுமுணுக்காதீர்கள்.

எனக்குப் பிடிபட்ட அளவுகோல் இதுதான். நாம் எடுப்பதில் பொறுமை வேண்டும், அடுத்தவன் படுவதில் பொறுமை கூடாது. இன்றைக்கு நாட்டில் இது தலைகீழாக இருக்கிறது. நமக்கு வேண்டியது பத்து நிமிஷத்தில் வீட்டு வாசலுக்கு வர வேண்டும். ஏரிக்கரையில் குடிசை போட்டவன், கொள்முதலுக்கு நிற்கிறவன், லாரிக்கு நிற்கிறவள் ஆகியோர் பொறுமையாக இருக்க வேண்டும். பாராட்டும் அவர்களுக்கே கொடுத்துவிடுகிறோம்.

நடக்கிற காரியமா இது என்று சந்தேகம் வேண்டாம். சென்னைக்கு ஒரு வருஷம் முந்தி, 2018-ல் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரத்துக்கு இதே நிலைமை வந்தது. குழாயை அடைக்க நாள் குறித்துவிட்டார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர்தான் என்று அளவு வைத்தார்கள். தோட்டமும் நீச்சல் குளமும் வைத்திருந்தவர்கள் உட்பட நகரமே கையைச் சுருக்கியது. மலைப்பக்கத்து விவசாயிகள் தங்கள் பாசனத்துக்குச் சேர்த்து வைத்த தண்ணியில் ஒரு பங்கைத் திறந்துவிட்டார்கள். குழாயை அடைக்க வேண்டிய நாள் தள்ளிப்போய்த் தள்ளிப்போய், அதற்குள் மழையே வந்துவிட்டது. அங்கேயும் ஏழைகளின் பகுதியில் எப்போதும் குறைவான தண்ணிதான். அந்த வருஷம் வித்தியாசமாக நடந்தது, எடுக்கக் கூடியவர்களும் எடுக்காமல் இருந்ததுதான்.

இனி நம்ம கணக்குக்கு வருவோம். ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மொட்டை மாடி. ஒரு அங்குல மழை பெய்தால் அதில் விழுவது சுமார் 5,600 லிட்டர். வருஷம் முழுக்க 1,400 மில்லிமீட்டர் பெய்தால் 3 லட்சம் லிட்டருக்கு மேல். வெயிலில் ஆவியாவது, வழிந்தோடுவது எல்லாம் போக மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போனாலே 2 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரி என்றால் 16 லாரிக்கு மேல். அந்தப் பதினாறு லாரியும் எங்கிருந்து வருகிறது? எங்களை மாதிரி ஒரு ஊரின் கிணற்றிலிருந்துதான்.

உங்கள் குழியில் இறங்குகிற தண்ணி உங்கள் மோட்டாருக்கே வரும் என்று சொல்ல முடியாது. அடியில் வரப்பு இல்லை என்று சொன்னேனே. நீங்கள் இறக்கினது பக்கத்து வீட்டுக் கிணற்றில் ஊறலாம். எதிர்த்த தெருவில் கைப்பம்பு அடிக்கிற வீட்டுக்குப் போகலாம். நீங்கள் வாடகை வீட்டில் இருந்தால், காலி பண்ணிப் போன அப்புறம் வருகிறவருக்குப் போகலாம். அதனால்தான் இதைப் பொறுமை என்கிறேன். தனக்கு வருமா என்று தெரியாமலே இன்றைக்குச் செய்கிற வேலை இது. எங்கள் ஊர் ஏரிக்கரைக்கு மண் சுமந்தவர்கள் பேர் எங்களில் யாருக்கும் தெரியாது. கரை இருக்கிறது, நாங்கள் சாப்பிடுகிறோம்.

புரட்டாசி பிறந்துவிட்டது. நாங்கள் இங்கே வரத்துக்கால் வெட்டிக்கொண்டிருக்கிறோம், கலங்கலில் முளைத்த முள்ளைக் கழிக்கிறோம். மழை வந்த அப்புறம் அந்த வேலை செய்ய முடியாது. நீங்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை செலவு பண்ணுங்கள். முதலில் மொட்டை மாடியைப் பெருக்குங்கள், குழாய் வாயில் அடைத்திருக்கிற இலையை எடுங்கள். அப்புறம் கீழே வந்து குழி எங்கே என்று தேடுங்கள். மேலே டைல்ஸ் இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். குழிக்குள் படிந்த சேற்றை வாரிவிட்டு, ஜல்லியைக் கழுவிப் போடுங்கள். குழியே இல்லாவிட்டால், உங்கள் மாதிரி மணல் பூமியில் 3 அடி அகலம், 15 அடி ஆழத்துக்கு ஒரு உறை கிணறு இறக்கினாலே போதும். அசோசியேஷன் கூட்டத்தில் முதல் தடவை சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். இரண்டாவது தடவையும் கேட்க மாட்டார்கள். பெசன்ட் நகரில் ஒருவர் எத்தனை வாசற்படி ஏறினார் என்று யோசித்துவிட்டு மூன்றாவது தடவை சொல்லுங்கள்.

தை கடைசியில் சம்பா அறுத்து, அரைத்து, மாசியில் மூட்டையோடு வருவேன். அப்போது காபியோடு சேர்த்து உங்கள் கிணற்றுத் தண்ணி எத்தனை அடியில் நிற்கிறது என்றும் சொல்லுங்கள். அது ஏறியிருந்தால் பாராட்டு உங்களுக்குத்தான், நானே சொல்றேன்.